அவர் தட்டும் என் தட்டும்

என் கணவருக்குத் தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை. ஆள் அவ்வளவு ஒல்லி. காற்றடித்தால் பேப்பர் மேல் மட்டுமில்லை, உங்கள் மேலும் வெயிட் வைக்கணும் என்று கிண்டல் செய்வேன். நான் மாசமானதும் ஜிம்மில் சேர்ந்தார். பிள்ளையைத் தூக்க உடம்பு வேண்டாமா என்றார்.

முதலில் உடம்பு ஏற்றும் காலம். காலையில் ஆறு முட்டை, மத்தியானம் கோழியும் குவியலாகச் சோறும். சதையோடு தொப்பையும் ஏறியது. எனக்கும் வயிறு, அவருக்கும் வயிறு. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது.

காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எங்கள் வீட்டுப் பெண்கள் புருஷன் தட்டைப் பார்த்து, அதைவிட ஒரு கரண்டி குறைத்துத்தான் போட்டுக்கொள்வோம். யாரும் சட்டம் போடவில்லை, கை அப்படிப் பழகிவிட்டது. அவர் ஐந்து கரண்டி சாப்பிட்டதால் நான் நாலு கரண்டி நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பிரசவத்துக்குச் சுந்தரபாண்டியபுரத்தில் அம்மா வீட்டுக்குப் போய், சாரல் தொடங்கும்போது மூன்று மாதப் பிள்ளையோடு திரும்பினேன். அடுக்களையில் புதிதாக ஒரு டிஜிட்டல் தராசு இருந்தது. ஏற்றிய சதை போகாமல் கொழுப்பை மட்டும் இறக்குகிறாராம். கட்டிங் என்றார். சோறு நூறு கிராம், அவித்த கோழி நூற்றைம்பது. நூறு கிராம் சோறு என் கரண்டிக்கு ஒன்று. ஒன்றில் ஒன்றைக் குறைத்து எப்படிப் போட்டுக்கொள்வது? அரைக் கரண்டி போட்டு, மீதிக்கு ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

அவர் கடைக்குப் போனபின் சாப்பிட்டிருக்கலாம்தான். ஒருநாள் சாப்பிட்டேன். சாயங்காலம் வந்தவர், எடை போட்டு வைத்த கோழி குறைகிறதே என்று சும்மாதான் கேட்டார். எனக்குத் திருடி மாட்டிக்கொண்டது போல் ஆகிவிட்டது. அதோடு விட்டேன்.

பாவம், அவர் மேல் குற்றமே இல்லை. கண்ணாடி முன்னால் நின்று வயிற்றைக் கிள்ளி, தோல் மட்டும்தான் வருகிறது பார் என்று காட்டுவார். அவ்வளவு சந்தோஷமான முகத்திடம் எனக்குப் பசிக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்குப் போனோம். எண்ணெய் தேய்த்து ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்தவரை நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமைதான். மிளகாய் பஜ்ஜி வாசனை மூக்கைத் துளைத்தது. உனக்கு வேணுமா என்றார். தனக்கு வேண்டாம் என்றும் சொன்னார். அப்புறம் எனக்கு மட்டும் எப்படி வேண்டும் என்பேன்? திரும்பும் பஸ்ஸில் மகள் மாரில் வாய் வைப்பதும் விலக்கி அழுவதுமாக இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளைச் சிரிக்கவைக்க அவர் தராசில் ஒரு தாம்பாளத்தை வைத்து, துணி விரித்துப் படுக்கவைத்தார். தாம்பாளத்தைக் கழித்து எடையைப் பார்த்தார். போன மாதம் தடுப்பூசி போட்ட அட்டையையும் எடுத்துப் பார்த்தார். இரண்டிலும் ஒரே எடை. அதன்பிறகு அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பிள்ளைக்கு நோய் ஒன்றும் இல்லை என்றார். நேற்று நான் என்னென்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். என் கணவர் பக்கத்தில்தான் நின்றார்.

அன்று கடை திறக்கவில்லை. அவரே சோறு வடித்து, மீன் குழம்பு வைத்தார். உட்கார்ந்ததும் தன் தட்டில் ஐந்து கரண்டி சோறு போட்டார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. எத்தனை நாள் வாயைக் கட்டி வந்த உடம்பு அது.

"ஒங்க உடம்பை எதுக்குக் கெடுக்குதிய? ஒங்களவிட கூடத் திங்க எனக்கு வெக்கமா இருக்கு. தப்பு என் மேலதான்."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "ஏட்டி, என் தட்டைப் பாக்காத. ஒனக்குப் பசிக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அந்த ஒரு வார்த்தையை நான் அவரிடம் சொன்னதே இல்லை. சொல்ல வாயெடுத்தால் அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது.

"பசிக்கு."

போட்டார். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன். அவர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் பசிக்கு," என்றேன்.