ஒன்பதாம் மாதத்துக் கை

சாந்தாமணியின் வீட்டுக்குக் காலை ஏழரை மணிக்கெல்லாம் முதல் குழந்தை வந்துவிடும். அமெரிக்காவின் டப்ளினில் மலையைப் பார்த்தாற்போல இருக்கும் வரிசையில் கடைசி வீடு அது. கீழ்த்தளம் முழுக்க டேகேர். மேலே இரண்டு அறைகளில் அவளும் கணவன் குமாரசாமியும் மகள் ஓவியாவும் குடித்தனம் பண்ணினார்கள்.

கோபிச்செட்டிபாளையத்தில் கணிதம் படித்தவள் அவள். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு, வேலை செய்ய அனுமதி கிடைக்காமல் ஆறு வருஷம் வீட்டிலேயே இருந்தாள். அனுமதி வந்ததும், பக்கத்துக் காலேஜில் குழந்தை வளர்ப்புப் பாடங்கள் படித்து, லைசென்ஸ் வாங்கி, ஆறு குழந்தைகளுடன் டேகேர் தொடங்கினாள். ஊரில் இருந்தவரை அவள் ஒரு முழம் பூக்கூடக் கட்டியதில்லை. கை வேலைக்கும் தனக்கும் காத தூரம் என்றுதான் நினைத்திருந்தாள். இங்கே வந்து, வீடியோ பார்த்துப் பார்த்து, எல்லாம் பழகிக்கொண்டாள். இலை சிவக்கும் மாதத்தில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய் பார்க்கில் இலை பொறுக்குவாள். அதை மெழுகுத்தாளுக்கு நடுவில் வைத்து இஸ்திரி போட்டு ஜன்னலில் ஒட்டுவாள். மைதாவும் உப்பும் பிசைந்து தீபாவளிக்கு அகல் செய்ய வைப்பாள். டிசம்பரில் பஞ்சு ஒட்டிய பனிமனிதன். மழை பெய்து மலை பச்சையானதும், பின்பக்கத்துச் சேற்றில் ஆறு பேரையும் இறக்கிவிட்டு, அப்புறம் வரிசையாக நிறுத்திக் கால் கழுவுவாள்.

சாயங்காலம் குழந்தையை அழைத்துப்போக வரும் பெற்றோருக்கு இதெல்லாம் ரொம்பப் பிடித்தது. பகல் முழுக்கப் பிள்ளையைப் பார்க்காமல் இருந்துவிட்டு வருகிறவர்கள். பிள்ளையின் கையில் ஏதோ ஒன்று இருந்தால் அவர்கள் முகம் தெளிந்துவிடும். அந்தத் தெளிவைப் பார்ப்பதற்காகவே சாந்தாமணி இன்னும் கொஞ்சம் மெனக்கெடுவாள்.

ஓவியாவும் அந்த ஆறு பேரில் ஒருத்திதான். மற்றவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படியே அவளும் பகலில் அம்மாவை "ஆன்ட்டி" என்றுதான் கூப்பிடுவாள். கடைசிக் குழந்தை போய்க் கதவு சாத்திய பிறகுதான் "அம்மா" வரும். முதலில் இதைக் கேட்டுக் குமாரசாமி சிரித்தான். சாந்தாமணிக்கும் அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

அனிருத் நாலு மாதக் குழந்தையாக வந்தான். அவன் அம்மா ஜலஜா சென்னைக்காரி, சான்டா கிளாராவில் வேலை. தினம் ஃப்ரீவேயில் ஒரு மணி நேரம் போய், ஒரு மணி நேரம் திரும்பி வருகிறவள். முதல் வாரம் குழந்தையைக் கொடுத்துவிட்டுக் காருக்குள்ளேயே உட்கார்ந்து அழுதாள். சாந்தாமணி ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பின்னால், பேச்சுவாக்கில் ஜலஜாவே சொன்னாள்: அவள் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது நங்கநல்லூரில் அப்பா போய்விட்டார். டாக்டர் ஃப்ளைட் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். கடைசியாக முகம் பார்த்தது போனில்தான்.

அந்த வருஷம் தேங்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய வாரம், பெற்றோருக்குக் கொடுப்பதற்காகச் சின்னச் சின்னக் கேன்வாஸ் அட்டைகள் வாங்கியிருந்தாள் சாந்தாமணி. குழந்தையின் உள்ளங்கையில் பழுப்புப் பெயின்ட், விரல்களில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள். அட்டையில் பதித்தால் அந்தப் பண்டிகைக்குச் சமைக்கிற வான்கோழி மாதிரி வரும். கட்டைவிரல்தான் தலை. அடியில் பெயரும் வயதும் எழுதிக் கொடுக்க வேண்டியது.

மற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் ஆயிற்று. அனிருத் மட்டும் கையை விரிக்க மாட்டேன் என்றுவிட்டான். ஒன்பது மாதக் குழந்தை. பெயின்ட் ஈரம் பட்டதுமே விரலை மடக்கி இறுக்கிக்கொண்டான். ஒரு அட்டை வீணாயிற்று, இரண்டாவதும் வீணாயிற்று. அவன் வீறிட்டு அழுததில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். மணி நாலு தாண்டிவிட்டது. மிச்சம் ஒரே ஒரு அட்டைதான்.

ஓவியா, அப்போது மூன்று வயது, பக்கத்திலேயே நின்றிருந்தாள். எல்லாருக்கும் பூசியாகிவிட்டது, தனக்குத்தான் இன்னும் இல்லை என்று கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். ஓவியாவுக்கு எப்போதும் கடைசியில்தான். மாதிரிக்குச் செய்து பார்த்தது, கொஞ்சம் கோணலாகப் போனது, பசை காயாதது, அதெல்லாம்தான் அவளுக்கு. சாந்தாமணி அந்த நீட்டிய கையைப் பார்த்தாள். பிடித்தாள். பூசினாள். மெதுவாக, அழுத்தாமல், அட்டையில் வைத்து எடுத்தாள். அழகாக வந்தது. அடியில் 'அனிருத், 9 மாதம்' என்று எழுதினாள். எல்லாம் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு அலங்காரப் பொருள்தானே, யாருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டே ஓவியாவின் கையைக் கழுவிவிட்டாள்.

ஜலஜா ஆறு மணிக்கு வந்தாள். அட்டையைக் கையில் வாங்கியவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இவன் கை இவ்ளோ பெரிசா அக்கா?" என்று கேட்டாள். சாந்தாமணி வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "எங்க அப்பா விரல். அப்படியே எங்க அப்பா விரல். அவருக்கும் இப்படித்தான், நீளமா இருக்கும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்று போட்டோ எடுத்து நங்கநல்லூருக்கு அனுப்பினாள். அந்த நேரத்தில் சாந்தாமணி சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் ஜலஜா குழந்தையை வாரி எடுத்து, அவன் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள். சாந்தாமணி டயபர் பையை எடுத்து அவள் தோளில் மாட்டிவிட்டாள். அவ்வளவுதான் செய்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் சொல்வது கடினமாகிக்கொண்டே போயிற்று. பிப்ரவரியில் அனிருத்தின் முதல் பிறந்தநாளுக்குப் போனார்கள். ஹாலில், ஜலஜாவின் அப்பாவின் மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் அந்த அட்டை மாட்டியிருந்தது. ஜலஜாவின் கணவன் ஸ்ரீநிவாசன் வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான். நங்கநல்லூரில் மாமியாரும் இதைப் பிரின்ட் போட்டு மாட்டியிருக்கிறார் என்றான். சாந்தாமணி தட்டில் இருந்த கேக்கைச் சாப்பிட முடியாமல் ஓவியாவிடம் கொடுத்தாள். ஓவியா கேக்கைத் தின்றுகொண்டே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கே இவள் ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று பயந்து, சாந்தாமணி அவளை வெளியே பலூன் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். மூன்று வயதுப் பிள்ளையைப் பார்த்துப் பயப்பட வேண்டியிருக்கிறதே என்று அன்றைக்கு அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

குமாரசாமியிடம் சொன்னபோது அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "விடு மணி, அவங்க சந்தோஷமாத்தானே இருக்காங்க" என்றான். அவளுக்கு அந்தச் சந்தோஷம்தான் பிரச்சினை.

அடுத்த நவம்பர் வந்தது. ஜலஜா ஒரு நீளமான ஃப்ரேம் வாங்கி வந்து காட்டினாள். அதில் ஐந்து கட்டங்கள். வருஷத்துக்கு ஒன்றாக ஐந்து வான்கோழி மாட்டப் போகிறாளாம். பிள்ளை கை எப்படி வளர்கிறது என்று பார்க்க வேண்டுமாம்.

இந்தத் தடவை அனிருத் சமர்த்தாகக் கையை விரித்தான். பெயின்ட் கூச்சத்தில் சிரித்தான். சாந்தாமணி பதித்து எடுத்தாள். பழைய அட்டையின் போட்டோ அவள் போனில் இருந்தது. ஆனால் அளந்து பார்க்கவே தேவையில்லை. ஒன்றேமுக்கால் வயதுக் கை போன வருஷத்துக் கையைவிடச் சின்னதாக இருந்தது. வருஷம் ஏற ஏறக் கை சிறுத்துப்போன பிள்ளை.

அன்று மதியம் குழந்தைகள் தூங்கின பிறகு அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து ஓவியாவைக் கூப்பிட்டாள். பெயின்ட் டப்பாவைத் திறந்து, கையில் பழுப்பைப் பூசினாள்.

ஓவியாவுக்கு நாலு வயது. தமிழ் எல்லாம் புரியும். பதில் இங்கிலீஷில்தான் வரும். "மறுபடியும் அனிருத்துக்கு என் கையா?" என்று இங்கிலீஷிலேயே கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நாளைக்கு என்ன சாப்பாடு என்று கேட்பது மாதிரிக் கேட்டாள். ஒரு வருஷமாக இவள் மறக்கவே இல்லை.

சாந்தாமணி பெயின்ட் டப்பாவைக் கீழே வைத்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னலில் ஐந்து குழந்தைகளின் இலைகள், சுவரில் ஐந்து குழந்தைகளின் போட்டோ. ஓவியாவின் கை என்று இந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை. இருந்த ஒன்றும் இன்னொருத்தர் வீட்டுச் சுவரில், இன்னொரு பெயரில் தொங்கியது.

"இல்லை கண்ணு" என்றாள். "இது உனக்கு. நம்ம வீட்டுக்கு."

ஓவியா தன் கையைத் தானே அட்டையில் வைத்து, முழு பலத்தையும் போட்டு அழுத்தினாள். வான்கோழி பட்டையாக, நசுங்கினாற்போல வந்தது. அவளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

அன்று சாயங்காலம் கடைசியாக வந்தது ஜலஜாதான். மற்றவர்கள் போய்விட்டார்கள். சாந்தாமணி அனிருத்தின் நிஜ அட்டையைக் கொடுத்தாள். ஜலஜா அதைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள்.

"ஜலஜா, போன வருஷம் நான் குடுத்தது அனிருத் கை இல்லைங்க. அது ஓவியா கை."

"என்ன சொல்றீங்க அக்கா?"

"அன்னைக்கு அவன் கையை விரிக்கவே இல்லைங்க. ஓவியா கையை வெச்சு எடுத்துட்டேன். உங்ககிட்டச் சொல்லலை."

அனிருத் தரையில் உட்கார்ந்து ஷூவின் பட்டையை ஒட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தான்.

"அப்பா விரல்னு சொன்னேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே" என்றாள் ஜலஜா.

"சொல்லியிருக்கணும்ங்க."

வேறு காரணம் ஒன்றும் சாந்தாமணி சொல்லவில்லை. ஒரு அட்டைதான் மிச்சம் இருந்தது, நாலு மணி ஆகிவிட்டது என்பதையெல்லாம் மனசுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாயிற்று. வெளியே சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. ஜலஜா குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அட்டையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பையை மறந்துவிட்டாள். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சாந்தாமணிக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாக மெசேஜ் வந்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. பிள்ளையை வேறு இடத்தில் சேர்த்துவிடுவார்கள் என்று சாந்தாமணி முடிவே கட்டிவிட்டாள். இன்னொரு பயமும் இருந்தது: ஜலஜா மற்ற அம்மாக்களிடம் சொன்னால் இந்த டேகேர் என்ன ஆகும்? அந்தப் பயம் மனசில் வந்ததற்காகவும் வெட்கப்பட்டாள்.

நாலாம் நாள் காலை ஜலஜா வந்தாள். அனிருத் அவள் இடுப்பிலிருந்து இறங்கி, நேராகப் பொம்மைப் பெட்டிக்கு ஓடினான். ஜலஜா ஒரு பேப்பர் பையை நீட்டினாள். உள்ளே பழைய அட்டை இருந்தது.

"இவன் இங்க வரும்போது அழறதில்லை. அதுக்காகத்தான் வந்தேன்" என்றாள். பிறகு, கதவுப் பக்கம் திரும்பினவள் நின்றாள். "அம்மாகிட்டச் சொல்லலை. சொல்ல முடியலை. அவங்க தினம் அதைப் பார்த்துட்டுத்தான் காபி குடிக்கறாங்க. இனிமே நானும் உங்களோட சேர்ந்துதான் மறைக்கணும்."

பழைய அட்டையைச் சாந்தாமணி மேலே கொண்டுபோனாள். மாட்டிவிடலாம் என்றான் குமாரசாமி. ஆனால் அடியில் அவள் கையெழுத்திலேயே அனிருத்தின் பெயர் இருந்தது. மார்க்கர் மை அழியவில்லை. மேலே வெள்ளைப் பெயின்ட் அடித்து மறைக்கலாம்தான். இனி எதையும் மறைக்கக் கை வரவில்லை. பீரோவில் ஓவியாவின் சின்னச் சட்டைகளுக்கு அடியில் வைத்தாள். நசுங்கின வான்கோழிதான் சாப்பாட்டு மேஜைக்கு மேலே ஏறியது. ஓவியா சாப்பிடும்போதெல்லாம் அதை நிமிர்ந்து பார்த்தாள்.

மே மாதம் அன்னையர் தினத்துக்கும் கை அச்சுதான். தீக்ஷா என்று ஐந்து மாதக் குழந்தை புதிதாகச் சேர்ந்திருந்தது. அதுவும் கையை விரிக்கவில்லை. சாந்தாமணி அந்த முஷ்டியையே அப்படியே பதித்தாள். உருளைக்கிழங்கு மாதிரி ஒரு கறை வந்தது. 'இன்றைக்கு தீக்ஷா கையை மூடியே வைத்திருந்தாள்' என்று அடியில் எழுதினாள். குழந்தையின் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மற்ற குழந்தைகளுடையதெல்லாம் நன்றாக வந்திருக்கிறதே, இதை இன்னொரு தடவை எடுக்க முடியாதா என்று கேட்டாள். இன்றைக்கு இப்படித்தான் வந்தது என்று சாந்தாமணி சொன்னாள். அவள் சரி என்று வாங்கிக்கொண்டு போனாள். மாட்டினாளோ குப்பையில் போட்டாளோ, தெரியவில்லை.

அதே வாரம் ஒரு சாயங்காலம் ஜலஜா வந்தபோது அவள் போனில் வீடியோ கால் ஓடிக்கொண்டிருந்தது. நங்கநல்லூரில் அப்போது அதிகாலை. பேரனைப் பார்த்து முடித்த அம்மா, அந்த ஆன்ட்டியைக் காட்டு, ஒரு தடவைகூடப் பேசினதில்லை என்றார். ஜலஜா தயங்கினாள். வேறு வழியில்லாமல் போனைத் திருப்பினாள்.

"நீதானேம்மா அந்தக் கையை எடுத்துக் குடுத்தது?" என்றார் அந்த அம்மா. நெற்றியில் விபூதி, பின்னால் சுவரில் அந்த வான்கோழிப் படம் தெரிந்தது. "ரொம்ப நாளாச் சொல்லணும்னு இருந்தேன். நன்னா இரும்மா."

போனுக்கு மேலே ஜலஜாவின் கண்கள் அவளையே பார்த்தன.

"ஆமாங்கம்மா, நான்தான் எடுத்தேன்" என்றாள் சாந்தாமணி.

சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அந்த அம்மா இன்னும் ஏதோ ஆசீர்வாதம் சொன்னார். சாந்தாமணி தலையை ஆட்டிக்கொண்டே நின்றாள். கால் முடிந்ததும் ஜலஜா போனைப் பைக்குள் போட்டாள். அம்மாவுக்கு விசா வந்துவிட்டது, அடுத்த மாதம் வருகிறார், ஆறு மாதம் இருப்பார் என்றாள். வரட்டும் என்றாள் சாந்தாமணி. அனிருத்துக்கு டயபர் தீர்ந்துவிட்டது, நாளைக்கு ஒரு பாக்கெட் வேண்டும் என்றும் சொன்னாள். கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு ஜலஜா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு காருக்கு நடந்தாள்.