முதல் பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடி

வாழவந்தியிலிருந்து ஏற்காடு வழியாகச் சேலம் போகும் முதல் பஸ்ஸுக்கு வரும் திங்கட்கிழமை முதல் புது வண்டி. டிப்போவில் வேலை பார்க்கும் நண்பர் நேற்று போனில் சொன்னார். இன்று காலை இப்போதைய கண்டக்டரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

பஸ் மாறுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஆனாலும் கேட்டதும் காதில் வந்தது, ஈரக் கண்ணாடியில் விரல் இழுபடும் அந்தக் கீச்சுச் சத்தம்...

அப்போது நான் ஏற்காட்டில் புது நிருபர். எழுதிய செய்திகளைக் கவரில் போட்டு, அந்த பஸ்ஸில்தான் சேலம் ஆபீசுக்குக் கொண்டுபோவேன். மழைக்காலத்தில் எல்லா ஜன்னலும் மூடியிருக்கும். நனைந்த கோணி, பேரிக்காய், ஆட்களின் மூச்சு... கண்ணாடி முழுக்க வெள்ளையாய்ப் பூத்திருக்கும்.

எனக்கு முன் சீட்டில், ஜன்னலோரம், குப்பாயி அக்கா. வாழவந்திக்காரர். சொந்தக் காட்டில் விளைந்த பேரிக்காயையும் சௌசௌவையும் சேலம் மார்க்கெட்டில் விற்றுவிட்டு மதிய பஸ்ஸில் திரும்புவார். காலையில் மலை இறங்கத் தொடங்கியதும், எண்ணெய் வைத்த தலையை ஒருமுறை தடவிக்கொண்டு, அதே விரலால் கண்ணாடியில் வரைய ஆரம்பிப்பார்.

ஒரு பயணத்துக்கு ஒரே படம். கூடையிலிருந்து தலை நீட்டும் கோழி. தூங்குகிறவரின் திறந்த வாய். ஒருநாள், காற்றில் மடங்கிப்போன ஒரு குடை. அந்தக் குடையை நானும் ஏறும்போதே பார்த்திருந்தேன். அக்கா நாலு கோட்டில் போட்ட பிறகுதான் அது கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிய ஆள் மாதிரி தெரிந்தது.

அடிவாரம் வருவதற்குள் வெக்கை ஏறிக் கண்ணாடி தெளிந்துவிடும். படம் போய்விடும்.

"வெசனமா இல்லைங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"எதுக்குங்க? நாளைக்கும் பனி வருமுங்களே."

"ஊட்டுல வரையறதில்லைங்களா?"

"ஊட்டுல குந்துனா ஆராச்சும் கூப்புடுவாங்க. இந்த பஸ்ஸுல மட்டுந்தானுங்க என்னைய ஒருத்தரும் ஒரு வேலையுஞ் சொல்றதில்ல."

கண்டக்டர் பெருமாள் சேலத்துக்காரர். வண்டி சுத்தமாக இருக்க வேண்டும் அவருக்கு. ஒருநாள் செக்கிங் வந்த அதிகாரி, கண்ணாடியெல்லாம் கிறுக்கலாக இருக்கிறதென்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலை பெருமாள் நேராக அக்காவிடம் வந்தார்.

"ஏனுங்கம்மா, இது வண்டிங்களா, உங்கூட்டுச் செவுருங்களா? நாளையில இருந்து உள்பக்கமா உக்காருங்க. ஜன்னலு வேண்டாம்."

"டிக்கெட்டு ஜன்னலுக்குஞ் சேத்தித்தானுங்களே குடுத்தீங்க?"

பஸ்ஸே சிரித்தது. பெருமாள் சிரிக்கவில்லை. "மெமோ வந்தா நீங்க வாங்கிக்குவீங்களா?"

அக்கா கண்ணாடிப் பக்கம் திரும்பினார். கடைசிப் படத்தை வரைந்தார். கூட்டத்தில் யாரோ என் முன்னால் வந்து நின்றதால் என்ன படம் என்று தெரியவில்லை. அடிவாரத்தில் கண்ணாடி தெளிந்தது. "இப்படிப் பளிச்சுன்னு இருக்கோணும்" என்றார் பெருமாள்.

அன்று சாயந்திரம்தான் முதல்முறையாக அதே வண்டியில் திரும்பினேன். பாதி மலை ஏறியதும் பனி சூழ்ந்தது. கண்ணாடி வெளுத்தது. அந்த வெளுப்பில், யாரும் தொடாமலே ஒரு கோடு... அப்புறம் இன்னொன்று. காலையில் விரல்பட்ட இடத்தில் எண்ணெய் ஒட்டியிருந்ததால் அங்கே மட்டும் பனி பிடிக்கவில்லை.

அக்குளில் பை, காதில் பென்சில், உப்பிய கன்னம், வாயில் விசில். பெருமாள்.

பின்னாலிருந்து ஒரு குரல். "கண்டக்டரே, ஜன்னலோரம் ஒருத்தரு விசிலூதிக்கிட்டு நிக்கறாரு. டிக்கெட் எடுத்துட்டாருங்களா?"

பெருமாள் குனிந்து வெகுநேரம் பார்த்தார். கை தானாகக் காதுக்குப் போய்ப் பென்சிலைத் தொட்டது.

"ஏனுங்க, எனக்குக் காது இம்புட்டுப் பெருசுங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

"அளவு சரியாத்தான் இருக்குதுங்க."

துடைக்கிற துணி தோளில்தான் கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

மறுநாள் நான் ஏறியபோது கண்டக்டர் சொன்னபடி அக்கா உள்பக்கம் உட்கார்ந்திருந்தார். பெருமாள் வந்து, "அந்தக் கண்ணாடி சும்மாதானுங்க கெடக்குது. நகந்து உக்காருங்க" என்றார். அதோடு, "உங்க படம் சாயந்தரம் மறுக்கா வந்துருச்சுங்க. நொம்பக் காது வெச்சுட்டீங்க."

"பொய் சொல்லாதீங்க" என்றார் அக்கா. அத்தனை நாளும் மதியமே திரும்பிவிட்டதால் அவர் அதைக் கண்டதில்லை.

அன்று ஒரு நாய்க்குட்டியை வரைந்தார். மார்க்கெட் முடிந்தும் மதிய பஸ்ஸில் ஏறாமல், சாயந்திரம் வரை காத்திருந்து இதே வண்டியில் ஏறினார். வளைவுகள் ஒவ்வொன்றாகப் போயின. கண்ணாடி வெளுக்க, முதலில் வால், பிறகு காது... நாய்க்குட்டி வந்தது.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு நாய்க்குட்டியைக் காட்டிச் சொன்னார்: "கீழயே தொலைஞ்சு போயிருதுன்னு இருந்தனுங்க. எம்பொறத்தாலயே மலையேறி வந்துட்டு இருந்துருக்குது பாருங்க."

அப்போதெல்லாம் கண்ணாடி வெளுத்தால் எதிரே இருக்கிறவர் முகத்தைப் பார்ப்போம். இப்போது வெளியே இருக்கும் பனியைப் போனில் படமெடுக்க, உள்ளே இருக்கும் பனியைத் துடைக்கிறார்கள். குறை சொல்லவில்லை, நானும் துடைத்திருக்கிறேன். அக்கா இன்றும் வாரத்தில் ஒருநாள் அந்த பஸ்ஸில் போகிறார். போன வாரம் அவர் வரைந்தது, போனைத் தூக்கிப் பிடித்த ஒரு கை, கண்ணாடியைத் துடைக்கும் இன்னொரு கை.

புது வண்டி பற்றி அக்காவுக்கு போன் செய்தேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வெறுங்கண்ணாடிங்களா, வெயிலுக்குக் கருப்புத்தாளு ஒட்டுனதுங்களா?" தாள் ஒட்டியிருந்தால் கோடு தெரியுமோ என்னவோ.

நண்பருக்கும் தெரியவில்லை, கண்டக்டருக்கும் தெரியவில்லை. வண்டி இன்னும் டிப்போவுக்கு வரவில்லை, பாடி கட்டும் ஷெட்டிலேயே நிற்கிறது. திங்கட்கிழமை காலை வாழவந்திக்கு வந்தால் தெரிந்துவிடும். மழை இன்னும் விடவில்லை, மேலே பனியும் இருக்கிறது.

விற்கக் காய் இல்லாவிட்டாலும் அன்றைக்குப் போவதாக அக்கா சொன்னார். சாயந்திர பஸ்ஸில்தான் திரும்புவாராம்.