ராட்டினம் உச்சியில் நின்றபோது

பதுளை பார்க்கின் ரசிகர்கள் சார்பில் இன்று ஒரு பெரிய வெற்றியை அறிவிக்கிறேன்.

என் நாத்தனார் மலர் கொழும்பில் வாழ்க்கைப்பட்டவள். லீவுக்கு வந்தவளை இன்று பார்க்குக்குக் கூட்டிப்போனேன். "ஒத்த ராட்டினத்த வச்சிக்கிட்டு இதுக்குப் பேரு பார்க்கா அண்ணி?" என்று வழியெல்லாம் சிரித்தாள். அவள் கல்யாணமாகிப் போன பிறகு வந்த பார்க் இது. எங்கள் வழக்கம் அவளுக்குத் தெரியாது.

ராட்டினக்காரர் டிக்கெட்டை வாங்கும்போதே, "எந்தத் தோட்டம்? வீட்டுக்கு போன் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார். பண்ணியிருந்தேன்.

எங்கள் பெட்டி உச்சிக்குப் போனதும் ராட்டினம் நின்றது. எதிர் மலையை மூடுபனி மறைத்திருந்தது.

"மெஷின் பழுதாயிருச்சு போல," என்றாள் மலர், வீடியோ எடுத்துக்கொண்டே.

"பனி விலகட்டும், பொறுங்க," என்று கீழேயிருந்து குரல் வந்தது. மற்ற பெட்டிகளில் யாரும் முணுமுணுக்கவில்லை. அவர்கள் முறை வரும்போது நாங்களும் இப்படித்தான் காத்திருப்போம்.

பனி விலகியது. எங்கள் தோட்டத்துத் தேயிலைக்கு நடுவே லயத்து வீட்டு வரிசை தெரிந்தது. எங்கள் வாசலில், நான் போனில் சொல்லியிருந்தபடி, என் மாமியார் சிவப்புப் போர்வையை வீசி வீசி ஆட்டிக்கொண்டிருந்தார்.

மலர் போனை மடியில் போட்டாள். அங்கே கேட்காது என்று தெரிந்தும், "அம்மா, இங்க இருக்கேன்," என்று கத்தினாள். இறங்கியதும் மறுபடி வரிசையில் போய் நின்றதும் அவள்தான்.

திரும்பும் பஸ்ஸில், "கொழும்பு ராட்டினம் இதவிட உசரந்தானே?" என்று கேட்டேன்.

"உசரந்தான் அண்ணி. ஆனா அங்க ஏறி நின்னா நமக்கு யாரு போர்வைய ஆட்டுறா?"

மற்றத் தோட்டத்து ஆட்களே, உங்கள் வீட்டுப் போர்வை என்ன நிறம்? கீழே சொல்லுங்கள். சிவப்பு மட்டும் எங்களுடையது.