இடது சப்பாத்தின் உட்புறக் குமிழ்

நிக்கனோரின் முழங்காலை முறித்தவன் நான்.

விதி அல்ல. மழையில் ஊறிய புல் அல்ல. அவனைத் துரத்தி வந்த அந்த நெடிய தடுப்பாட்டக்காரனும் அல்ல, அவன் தொடவேயில்லை. நான்! தென் லண்டனில் ஓர் உதைபந்துக் கழகத்தின் உடுப்பு அறையில் பதினேழு வருடம் சப்பாத்துத் துடைத்த நான்.

உங்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். அவனைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை உங்களில் பலர் வாசித்திருக்கிறீர்கள். "சில அழகுகளுக்கு உடம்புதான் விலை கொடுக்கிறது" என்று அதில் ஒரு வரி. அந்த வரியை எனக்கே திருப்பி அனுப்பிப் பாராட்டினீர்கள். தன் மகளின் படிப்பு மேசைக்கு மேல் அதை எழுதி ஒட்டியிருப்பதாக ஒருவர் சொன்னார்...

கழற்றிவிடச் சொல்லுங்கள். அது பொய்.

முதலில் அவனைச் சொல்கிறேன். என் குற்றத்தைவிட அவன் பெரியவன்.

உருகுவேயிலிருந்து இருபத்திமூன்று வயதில் வந்தான். நடுக்கள ஆட்டக்காரன். மெலிந்த தோள், நீண்ட கழுத்து, எந்நேரமும் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவன் போன்ற கண்கள். "இந்தக் காற்று அடிச்சால் பறந்திடுவான்" என்று முதல் நாள் நானே நினைத்தேன். இரண்டாம் நாள் பயிற்சியில் அவன் பந்தை வாங்கினான். கையிலிருந்த தண்ணீர்ப் போத்தல் கூடையைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்தத் திரும்பல்! எப்படிச் சொல்ல?

பந்து அவனை நோக்கி வரும். முதுகுக்குப் பின்னால் இருவர் மோத வருவார்கள். மைதானம் முழுக்க "ஆள்! ஆள்!" என்று கத்தும். அவன் பந்தைத் தொட மாட்டான். இடது காலை ஊன்றி, பந்தைத் தன்னருகே போகவிட்டு, உடம்பை மட்டும் திருப்புவான். அவ்வளவுதான். வந்த இருவரும் இல்லாத ஒருவனை மோதிக்கொண்டு நிற்பார்கள். பந்தும் அவனும் ஏற்கனவே வேறொரு இடத்தில், வேறொரு நேரத்தில்...

கவிதையில் நான் முப்பது வருடமாகச் செய்ய முயன்றதை அவன் ஒரு காலில் நின்று செய்தான். சொல்லைத் தொடாமல் விட்டு அர்த்தத்தோடு போய்விடுவது. எனக்கு அது வாய்க்கவேயில்லை. பொறாமையா? இல்லை. அந்தக் காலுக்கு ஏவல் செய்வதே எனக்குப் போதுமாக இருந்தது.

மற்றவர்கள் சப்பாத்தை மூலையில் எறிந்துவிட்டுப் போவார்கள். அவன் என் அறைக்கு வந்து உட்காருவான். 'மாத்தே' என்று அவனூர்க் கசப்பு இலைத் தண்ணீர் கொண்டு வருவான். ஒரே கோப்பை, ஒரே உலோகக் குழல், எல்லோரும் மாறி மாறி உறிஞ்சவேண்டும். நான் குழலை வாயில் படாமல் உயர்த்தி அண்ணாந்து குடிக்கப் பார்க்க, சூடு மூக்கில் ஏறியது. விழுந்து விழுந்து சிரித்தான்.

"வீட்டிலே உன்னை எப்படிக் கூப்பிடுவார்கள்?" என்று கேட்டான். "அண்ணை" என்றேன். அன்றிலிருந்து அண்ணை. அவனுடைய நாக்கில் அந்த 'ண்' சற்று உருண்டு விழும். அவன் ஆங்கிலத்தில்தான் பேசுவான். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவன் பேசியதெல்லாம் என் காதில் எங்கள் தமிழாகவே விழுந்தது. அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடம். கழகம் மேலே ஏறியது. அவனால் ஏறியது. நான்காம் வருடம், ஐப்பசி மழையோடு, அவனுடைய நாட்டு அணியிலிருந்து அழைப்பு வந்தது. பத்து நாளில் விமானம். என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். என் மேற்சட்டையெல்லாம் சேறு.

அந்த வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சரஸ்வதி பூசை. ஆயுத பூசையும் அன்றுதான்.

உங்களுக்குத் தெரியும், அன்று அவரவர் தொழிற் கருவியைச் சாமிக்கு முன் வைப்போம். எங்கள் ஆட்கள் நிறைந்த டூட்டிங்கில் கடைக்காரர்கள் கல்லாவுக்குப் பொட்டு வைப்பார்கள். மோர்டனில் என் பக்கத்து வீட்டுப் பெண் மடிக்கணினிக்கு மாலை போடுவாள். எனக்கு ஒரு யோசனை பிறந்தது. நல்ல யோசனை! அன்பினால் பிறந்த யோசனை! அதுதான் கொடுமை.

சப்பாத்துகள் கட்டடத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. அவனுடைய சோடியை ஒரு துணிப்பையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மனைவி வசந்தி சாமியறை வாசலில் மறித்தாள்.

"உங்களுக்கென்ன விசரே? சப்பாத்தைக் கொண்டுவந்து சரஸ்வதிக்கு முன்னாலை வைக்கப்போறியளோ?"

"உம்மடை அண்ணை கடையிலை இறைச்சி வெட்டுற மெசினுக்குப் பொட்டு வைக்கேல்லையோ?"

"அது தொழில்!"

"இதுவும் தொழில்தான். அந்தப் பெடியன்ரை ஆயுதம்."

"மாட்டுத்தோலப்பா..."

"இல்லை. இது கங்காருத் தோல்."

வசந்தி யோசித்தாள். கங்காருவைப் பற்றி எங்கள் சாத்திரத்தில் ஒன்றுமில்லை. "மஞ்சள் தண்ணி தெளிச்சிட்டு ஒரு ஓரமா வையுங்கோ" என்று வழிவிட்டாள். வைத்தேன். சந்தனம், குங்குமம், ஒரு செவ்வந்திப் பூ. எவ்வளவு வடிவாக இருந்தது தெரியுமா!

"இனி நாளைக்குக் காலமை நான் பூ எடுத்துத் தாறவரைக்கும் ஒருத்தரும் கை வைக்கக்கூடாது" என்றாள்.

அது வழக்கம். பூசையில் வைத்த ஆயுதத்தை அன்று தொடக்கூடாது.

ஆனால் அந்தச் சப்பாத்தில் எனக்கு ஒரு வேலை மிச்சமிருந்தது. அடியிலுள்ள உலோகக் குமிழ்கள்தான் ஈர நிலத்தைப் பற்றிப் பிடிப்பவை. 'ஸ்டட்' என்போம். போட்டிக்கு முதல் நாள் ஒவ்வொன்றையும் சாவி போட்டு இறுக்கவேண்டும். இடது சப்பாத்தில், குதிப்பக்கம், உட்புறக் குமிழின் புரி தேய்ந்திருந்ததைப் பகலே கண்டிருந்தேன். புதிதாக மாற்றவேண்டும். வீட்டில் மாற்றலாம் என்று குமிழும் சாவியும் என் பைக்குள் இருந்தன. பூசை முதலில், வேலை பிறகு என்று நினைத்தேன். பூசை முடிந்ததும் தொட முடியாமற்போயிற்று.

போட்டி நாள் காலையில் வசந்தி தேவாரம் பாடி, தீபம் காட்டி, பூ எடுத்துத் தர நேரமாகிவிட்டது. ஓடினேன். குங்குமத்தைத் துடைத்து அவனுடைய இடத்தில் வைத்தேன். குமிழை மறந்தேன்.

மறந்தேனா?

இங்கேதான் நான் இத்தனை வருடமாக எனக்கே பொய் சொல்லி வந்தேன். மறந்தது உண்மை. ஆனால் நினைவு வந்துவிட்டது! ஆட்டம் தொடங்கமுன் நினைவு வந்துவிட்டது.

வீரர்கள் மைதானத்துக்கு இறங்கும் வழி சீமெந்துத் தரை. இருபத்திரண்டு பேரின் குமிழ்களும் அதில் கடகடவென்று அடிக்கும். அந்தச் சத்தத்தில் யார் யார் நடக்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நிக்கனோர் என்னைக் கடந்தபோது அவனுடைய இடது காலில் ஒரு ஒலி செத்திருந்தது. தளர்ந்த குமிழின் ஒலி.

கேட்டேன். தெளிவாகக் கேட்டேன்.

"தம்பி, நில்" என்று சொல்லியிருக்கவேண்டும். சாவியும் புதுக் குமிழும் என் காற்சட்டைப் பையிலேயே இருந்தன. ஒரு நிமிட வேலை. ஆனால் மனேஜர் பக்கத்தில் நின்றார். தொலைக்காட்சிக் கமரா நின்றது. இதை ஏன் நேற்றுச் செய்யவில்லை என்று அவர் கேட்டால் என்ன சொல்வேன்? வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமிக்கு வைத்தேன் என்றா? அவர்கள் சிரிப்பார்கள். வருடக்கணக்காகச் சிரிப்பார்கள்.

அதற்கும் அடியில் இன்னொரு குரல்: பூசையில் இருந்த சப்பாத்து, என்ன நடந்துவிடப் போகிறது?

அவன் திரும்பிக் கண்ணடித்தான். நான் கையசைத்தேன்.

இரண்டாம் பாதியில் பந்து அவனை நோக்கி வந்தது. இருவர் வந்தார்கள். அவன் இடது காலை ஊன்றினான்...

அந்தச் சத்தத்தை நான் எழுதமாட்டேன்.

பிசியோ சப்பாத்தைக் கழற்றி என் கையில் தந்தார். உட்புறக் குதிக் குமிழ் இல்லை. அது எங்கோ புல்லுக்குள். நான் அறைக்குப் போனேன், கதவைச் சாத்தினேன், பையிலிருந்த புதுக் குமிழை எடுத்துத் திருகினேன். பிறகு சேற்றைப் பூசி அதைப் பழசாக்கினேன். ஓம்... அதையும் செய்தேன். அத்தனை வருடத் தொழில் அனுபவத்தோடு நேர்த்தியாகச் செய்தேன்.

சத்திரசிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் அந்தக் காட்சியை ஃபோனில் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டு கிடந்தான்.

"அண்ணை, கால் வழுக்குது, பாருங்கோ. சப்பாத்து சரியாத்தானே இருந்தது?"

"ஓம் தம்பி. எல்லாம் சரியா இருந்தது."

அவன் தலையாட்டினான். ஃபோனைக் கவிழ்த்து வைத்தான். "அப்ப என்ரை திரும்பல்தான் பிழை" என்றான்.

நாட்டு அணியின் விமானம் அவன் இல்லாமல் பறந்தது. பிறகு ஒருநாளும் அழைப்பு வரவில்லை.

பத்து மாதத்தில் எழுந்து வந்தான். எப்படி எழுந்தான் என்பதை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்! தண்ணீருக்குள் நடந்தான், படியில் ஊர்ந்தான், பல்லைக் கடித்துக்கொண்டு பாடினான். அதன் பிறகும் ஐந்து வருடம், மூன்று கழகங்களில் ஆடினான். ஒரு பாஸ்கூடப் பிழையாகப் போகாது. பந்து வரமுன் தலையைத் திருப்பி ஆள் பார்ப்பான், வந்ததும் பக்கத்திலிருப்பவனுக்குக் கொடுத்துவிடுவான். 'முதிர்ச்சி அடைந்துவிட்டான்' என்று எழுதினார்கள். அந்த எளிமையும் அழகுதான்; நல்ல கையெழுத்துப் போல.

ஆனால் அந்தத் திரும்பல் ஒருநாளும் வரவில்லை. ஒரு தடவைகூட.

முழங்கால் ஆறிவிட்டது, ஐயா! வைத்தியர்கள் சொன்னார்கள், பழையபடி எல்லாம் ஏலும் என்று. அவன்தான் நம்பவில்லை. தன் உடம்பின் மிக அழகான அசைவே தன்னைக் காட்டிக்கொடுத்தது என்று நம்பினான். நான் முறித்தது முழங்காலை. பறித்தது அந்த நம்பிக்கையை. முதலாவது ஒரு நிமிடக் கோழைத்தனம். இரண்டாவது...? ஒவ்வொரு நாளும் வாயை மூடி மூடிச் செய்த வேலை.

அந்த நாட்களில்தான் அந்தக் கட்டுரையை எழுதினேன். உங்கள் கண்ணீரையும் வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் அவன் லண்டனுக்கு வந்தான். முப்பத்திநான்கு வயது, காதோரம் நரை. சொந்த ஊரில் ஒரு சின்னக் கழகத்துக்குப் பயிற்சியாளன். டூட்டிங்கில் எங்கள் ஆட்களின் கடையில் மத்தியானம் சாப்பிட்டோம். மீன்குழம்பில் அவனுக்குக் கண்ணும் மூக்கும் ஒழுகின.

"அண்ணை, இந்த மீன் என்னைக் கொல்லப்பாக்குது."

"தண்ணி குடியாதை, உறைப்புக் கூடும். சோத்தைப் போடு."

உன் அணி எப்படி என்று கேட்டேன். கண் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"நடுவிலை ஒருத்தன் இருக்கிறான். இருபத்திரண்டு வயசு. அப்பிடியே என்னை மாதிரித் திரும்புறான் அண்ணை! ஆரும் சொல்லிக்குடுக்கேல்லை."

"பிறகென்ன?"

"வெளியிலை இருத்தி வைச்சிருக்கிறன். அதை விட்டால்தான் விளையாட்டு எண்டு சொல்லிப்போட்டன். அழுறான். அழட்டும். கால் மிஞ்சும்."

எட்டு வருடமாக நான் ஒருவனைத்தான் கட்டிப்போட்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்...

"தம்பி," என்றேன், "அண்டைக்கு உன்ரை சப்பாத்து..."

அவன் குழம்பு பட்ட கையை உயர்த்தி மறித்தான்.

"தெரியும் அண்ணை, அது சரியாத்தான் இருந்தது. நீங்கள் அண்டைக்குச் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் காப்பாத்தினது. ஆரையாவது கோவிக்கவேணும் எண்டு கிடந்து தேடினனான். டொக்டரை, புல்லை, மனேஜரை... சப்பாத்து சரி எண்டு நீங்கள் சொன்னதோடை தேடுறதை விட்டிட்டன். பிழை என்ரை. பிறகு நித்திரை வந்தது."

நீங்கள் சொல்லுங்கள். அந்த இடத்தில் என்ன செய்திருப்பீர்கள்? உண்மையைச் சொன்னால் அவனுடைய நித்திரையைப் பறிப்பேன். சொல்லாவிட்டால் முகம் தெரியாத ஒருவனின் காலைக் கட்டுவேன். கருணை என்று ஒரு சொல் இருக்கிறது. அதன் மறைவில் கோழை எவ்வளவு வசதியாகக் குந்தியிருக்கிறான்!

அவனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். அவன்தான் பேசினான்.

"ஒரு மூண்டு கிழமை வந்து நில்லுங்கோ. என்ரை ஆக்களுக்குச் சப்பாத்து வேலை பழக்கிவிடுங்கோ. இந்த விசயத்திலை நான் நம்புற ஒரே ஆள் நீங்கள்."

ஏலாது என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே. என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று.

"ஓம், வாறன்" என்றேன்.

அடுத்த மாதம் பயணம். இதைத் தமிழில் எழுதுகிறேன், அவனால் வாசிக்க முடியாத மொழியில். இதுவும் ஒரு ஒளிதல்தான். நீங்கள் கண்டுபிடிக்கமுன் நானே சொல்லிவிடுகிறேன். உங்களில் யாருக்காவது ஸ்பானிய மொழி தெரிந்து, இதை அவனுக்குச் சொல்லிவிட்டால்... பயமாக இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேனோ என்றும் இருக்கிறது.

அவனுடைய மொழியில் ஒரு வசனம் மட்டும் பழகிவருகிறேன். 'அன்று சப்பாத்து சரியாக இருக்கவில்லை.' குளிக்கும்போது வருகிறது. நடக்கும்போது வருகிறது. நேற்று டூட்டிங்கில் ரயில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு, உதட்டுக்குள் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன். மோர்டன் வந்ததும் கண்ணைத் திறந்தேன். எதிரே சேலைக்கு மேல் குளிர்கோட்டுப் போட்ட ஓர் அம்மா, மடியில் மரக்கறிப் பையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேவாரமோ தம்பி?" என்று கேட்டார், அவ்வளவு கனிவாக.

"ஓம் அம்மா" என்றேன்.