தட்டில் விழாத காசு

ஆமத்தூரில் ஊர்க்காவலன் என்று ஒருவர். அவருக்குக் குற்றம் கண்டுபிடிக்கிற கண். திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் லாட்டரிச் சீட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். எண் லேசாகச் சாய்ந்திருந்தாலும், நிறம் ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் அந்தச் சீட்டைக் கட்டிலிருந்து உருவிப் போட்டுவிடுவார். 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்தது. அச்சகம் ஆட்களைக் குறைத்தது. வீட்டுக்கு வந்தவர், ஊருக்குக் கிழக்கே ஒரு பட்டாசுக் கம்பெனியின் வாசலில் காவலாளியாக உட்கார்ந்தார். வேலைதான் போனது. கண் போகவில்லை.

பட்டாசுக் கம்பெனியில் வாசல் காவல் என்பது திருடனைப் பிடிக்க அல்ல. சாவி, செல்போன், கொண்டை ஊசி, சில்லறை என்று உலோகம் எதுவும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ள. வெடிமருந்து அடைக்கிற மருந்து ரூமில் ஒரு காசு நழுவி விழுந்து உரசினால் போதும். அதன் பிறகு அந்த ரூம் இருந்த இடத்தைத்தான் காட்ட முடியும். அதனால் வேலைக்கு வருகிறவர்கள் வாசலில் இருக்கும் எவர்சில்வர் தட்டில் சில்லறையைப் போட்டுவிட்டு, சாயங்காலம் தொகையைச் சொல்லி வாங்கிக்கொள்வார்கள். பெண்களைத் தொட்டுச் சோதிக்க ஆள் கிடையாது. அவர்கள் சொல்வதுதான் கணக்கு.

பகல் முழுதும் அந்தத் தட்டு ஊர்க்காவலனின் முன்னால் இருந்தது. அச்சகத்து லென்ஸ் சட்டைப்பையில் இருந்தது. பிறகென்ன? சிங்கம் ஓரமாக ஒதுங்கி அச்சான காசு, அச்சே விழாத வழுக்கைக் காசு என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. பட்டதை எடுத்துக்கொண்டு, தன் பையிலிருந்து அதே மதிப்புக்கு நல்ல காசைத் தட்டில் போட்டார். யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தார். மதுரைக் கண்காட்சிகளுக்குப் போய், எது நாணயச்சாலையில் நேர்ந்த பிழை, எது பட்டறையில் செய்த பித்தலாட்டம் என்று பிரிக்கக் கற்றுக்கொண்டார்.

அவர் உயிராக வைத்திருந்தது ஓர் ஐந்து ரூபாய். ஒரு பக்கம் சிங்கம். மறுபக்கமும் அதே சிங்கம். ஆனால் குழிவாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறி. காசு அடிக்கும்போது முந்தைய காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த காசின் மேல் அதன் முகம் அப்படியே பதிந்துவிடும். அபூர்வம். பெற்ற பிள்ளையைத் தொடுவதுபோல அதைத் தொடுவார்.

2007 தீபாவளி சீசனுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த பலவேசம் பேப்பரை உரக்க வாசித்தார். பிழையான காசு ஒன்று லட்சக்கணக்கில் விலை போனதாம்.

"அதான் அண்ணாச்சி நம்ம தட்டைக் கோளி மாதிரிக் கெளறிக்கிட்டே இருக்காக!" என்றாள் வள்ளித்தாய், டீ கிளாசோடு. திரி வெட்டுகிற அவளுக்கு வாயும் கத்திதான். எல்லோரும் சிரித்தார்கள். ஊர்க்காவலனும் சிரித்தார்.

அன்று சிரித்திருக்கக் கூடாது.

அடுத்த வாரம் பொன்மணி வந்தாள். மருந்து ரூமில் பூச்சட்டிப் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறவள். குடிகாரப் புருஷன், பத்தாவது படிக்கிற மகள் முத்துச்செல்வி. மகளையும் கம்பெனிக்கு அனுப்பச் சொல்லி அவன் அடித்துக்கொண்டிருந்தான். பொன்மணி காதில் கம்மல் இல்லை, வேப்பங்குச்சி இருந்தது.

"இருக்கன்குடித் திருவிளாவுல இந்தக் காச ஒருத்தன் குடுத்தான் அண்ணாச்சி. கம்மலக் கழட்டிக் குடுத்து வாங்கிட்டேன். இது வித்தா எம்புள்ள இந்த வாசல மிதிக்க வேண்டாம்ல?"

ஐந்து ரூபாய். ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் குழிந்த சிங்கம். ஊர்க்காவலனின் நெஞ்சு குதித்தது. லென்ஸை வைத்துப் பார்த்தவுடன் அடங்கிவிட்டது. நிஜமான பிழையில் புடைத்த பக்கத்துச் சிங்கம் கூர்மையாக நிற்கும். இதில் பிடரியும் மூக்கும் நசுங்கிக் கிடந்தன. இரண்டு காசை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பட்டறையில் நெரித்திருக்கிறார்கள்.

"இது செஞ்ச காசு, தாயி. ஏமாத்திட்டான்."

நம்பட்டும் என்று தன் காசையும் எடுத்து அருகில் வைத்துக் காட்டினார். அதுதான் வினையாயிற்று. அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"ஒங்க காசு நெசம், எங் காசு மட்டும் பொய்யா?" என்று வெடுக்கென்று பிடுங்கி முந்தானையில் முடிந்தாள். "தட்டுல போட்டா சாயங்காலம் எனக்கு எந்தக் காசு திரும்பி வரும்னு தெரியும் அண்ணாச்சி."

நல்ல விலைக் காசை அண்ணாச்சி மாற்றிவிடுவார் என்று பேச்சுப் பரவியது. அன்றிலிருந்து தட்டில் சத்தம் குறைந்தது. முன்பெல்லாம் காலையில் கலகலவென்று விழும். இப்போது ஒன்றிரண்டு மட்டும் நாணத்தோடு விழுந்தன. இடுப்பு முடிச்சுகள் கனமாக உள்ளே போயின. கேட்டால், "வெத்தலை அண்ணாச்சி" என்றார்கள். பொன்மணியின் முடிச்சில் அந்தக் காசு இருப்பது அவருக்குத் தெரியும். முதலாளியிடம் சொல்லலாம். சொன்னால் அவள் வேலை போகும். மறுநாளே அவள் புருஷன் முத்துச்செல்வியைக் கொண்டுவந்து இதே வாசலில் நிறுத்துவான். கடவுளே, இரண்டு பக்கமும் நசுங்கிய காசாக அல்லவா நின்றது அவர் நியாயம்!

ஒரு காலை, வேலைக்கு வரிசை நின்றபோது ஊர்க்காவலன் எழுந்து எல்லோரும் பார்க்கச் சாலையைக் கடந்தார். டீ வாங்கிக் குடித்தார். தன் உயிரான காசை எடுத்துப் பலவேசத்தின் கல்லாவில் போட்டார்.

"ஏ, அது அந்தச் சிங்கக் காசுல்லா?" என்று பதறினார் பலவேசம்.

"சிங்கமாவது பூனையாவது! மதுரையில தொடக்கூட மாட்டேங்கான். டீக்குத்தான் லாயக்கு. மிச்சச் சில்லறையக் குடுங்க."

வரிசை முழுக்கக் கல்லாவை எட்டிப் பார்த்தது. பிறகு வள்ளித்தாய் கெக்கலித்தாள். "இதுக்காய்யா இத்தன நாளும் இடுப்புப் புண்ணாச் சுமந்தோம்!"

முடிச்சுகள் அவிழ்ந்தன. இடுப்பிலிருந்து, கொண்டையிலிருந்து, ரவிக்கைக்குள்ளிருந்து காசுகள் கொட்டின. தட்டு நிறைந்து மேஜையில் உருண்டன. ஊர்க்காவலன் உருண்டவற்றை இரு கையாலும் அள்ளினார். இத்தனையுமா தினமும் உள்ளே போய்க்கொண்டிருந்தது? ஒருத்தியை நினைத்தல்லவா பயந்துகொண்டிருந்தார்!

அந்த ஒருத்தியை வரிசையில் காணோம்.

"பொன்மணி எங்க?"

"அவசர ஆர்டர்னு நீங்க வாரதுக்கு முன்ன, விடியலுலயே மருந்து ரூமுக்கு ஆள் கூட்டிட்டாகளே," என்றாள் வள்ளித்தாய்.

மருந்து ரூம் பக்கம் ஓடக் கூடாது. பையில் இருந்ததையெல்லாம் மேஜையில் கொட்டிவிட்டு அவர் நடந்தார். அப்படி ஒரு நடையை அவர் வாழ்நாளில் நடந்ததில்லை. கதவோரம் நின்று பார்த்தார். பொன்மணி குத்தவைத்து உட்கார்ந்து கருமருந்தை அடைத்துக்கொண்டிருந்தாள். முந்தானை தளர்ந்து முடிச்சு மடியிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். காசைப் பிடுங்கத்தான் வந்திருக்கிறார் என்று அவள் கை முடிச்சை நோக்கிப் பாய்ந்தது.

"அவுக்காத, தாயி." மெல்லச் சொன்னார். "வெளிய வா."

"வரமாட்டேன். நீங்க எடுத்துக்கிடுவீக." விரல்கள் முடிச்சை நெருடின.

காசு பொய் என்று சொல்லி இவளை அசைக்க முடியாது. அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

"ஒங் காசு நெசம். நாந்தான் பொய் சொன்னேன். நானே வாங்கிக்கிடுதேன். அப்படியே முடிச்சப் பிடிச்சுக்கிட்டு மெல்ல வா."

அவள் முகம் மலர்ந்தது. எழுந்தாள். அவள் வாசற்படியைத் தாண்டி மணல் வாளிகளைக் கடக்கும்வரை அவர் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பிறகுதான் கண்ணில் நீர் வந்தது. கும்பிடக் கையெடுத்தார்.

ஆனால் அவள் அவருக்காக நிற்கவில்லை. காசை அவிழ்த்து உயரத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"ஏ வள்ளித்தாயி! எங் காசு நெசமாம்ட்டி! அண்ணாச்சியே சொல்லிட்டாக, அவுகளே வாங்குதாகளாம்!"

ஊர்க்காவலன் வந்து சேர்ந்தபோது சிரிப்பு அடங்கியிருந்தது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"இல்ல தாயி, அது பொய்க் காசுதான். இவள வெளிய வரவைக்கத்தான் அப்படிச் சொன்னேன்..."

"அப்ப டீக்கடையில போட்டது?" என்றாள் வள்ளித்தாய்.

அவர் டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எதைத்தான் அண்ணாச்சி நாங்க நம்ப?" அவள் தட்டில் கைவிட்டுத் தன் காசைத் தேடி எடுத்தாள். அடுத்து ஒரு கை. அடுத்து நாலைந்து கைகள். எதிரே பலவேசம் கல்லாவைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் தாயி, வேண்டாம்!" ஊர்க்காவலன் தட்டின் மேல் கவிழ்ந்து இரு கைகளாலும் மூடினார். விரல்களுக்கு இடையே விரல்கள் நுழைந்தன. வேலைச் சங்கு ஊதியது. காசுகளை மறுபடி இடுப்பில் முடிந்துகொண்டு வரிசை அவரைத் தாண்டி உள்ளே நகரத் தொடங்கியது. அவர் உள்ளங்கைக்குக் கீழே தட்டு வெறும் எவர்சில்வராகக் குளிர்ந்தது.