பாம்பனில் காற்றடித்த அன்று

எங்கள் ஊரில் சென்னை போகும் சேது எக்ஸ்பிரஸை யாரும் முழுப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. சேது என்றால் போதும். அது நேரத்துக்கு வருமா என்று தெரிந்துகொள்ள நயினார்கோவில் பக்கத்து விவசாயிகள் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதும் இல்லை, பனைமரத்தைப் பார்ப்பார்கள். ஓலை ஒரே பக்கமாகச் சாய்ந்து அடித்தால் பாம்பன் பாலத்தில் காற்று பலம், ரயிலை விடமாட்டார்கள், சேது தாமதம். இந்த விஷயத்தில் என் அய்யாவை மிஞ்ச ஆள் கிடையாது என்பது அவருடைய எண்ணம்.

அந்த ஐப்பசியில் எனக்குச் சென்னையில் நர்ஸ் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. குறித்த நாளில் காலை பத்து மணிக்குள் சேராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். பெண்ணைத் தனியாக அனுப்பமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டிருந்த அய்யா, தானும் கூட வருவதென்றால் சரி என்று கடைசியில் இறங்கி வந்தார். உத்தரவை நான் தொலைத்துவிடுவேனாம். அதையும் டிக்கெட்டையும் ஒரே உறையில் போட்டுத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அதற்கு முந்தின நாள், கிளம்ப வேண்டிய நேரத்தில் பனையைப் பார்த்தார்.

"பாம்பன்ல நிப்பாட்டியிருப்பான். சேது வர ரெண்டு மணி நேரமாவது ஆகும். பதறாத தாயி."

சொல்லிவிட்டு, வரப்பு எங்கேயாவது உடைந்திருக்கிறதா என்று பார்க்க வயலுக்குப் போய்விட்டார். கண்ணெதிரே ஒரு பரமக்குடி பஸ் போனது. அடுத்த பஸ்ஸில்தான் ஏறினோம்.

பாதி வழியில் கண்டக்டர், எங்கே பயணம் என்று கேட்டார். சேதுவைப் பிடிக்க என்றார் அய்யா, சாவகாசமாக.

"அது இன்னைக்கி பாலத்துக்கு இந்தப் பக்கம், மண்டபத்துலருந்துல்ல கெளம்புது. காலையில வந்த வண்டியப் பாலம் தாண்ட விடலண்ணே. டயத்துக்கு வந்துரும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. காற்றைப் பார்த்து ஏமாந்தாரா, இல்லை என்னைப் போகவிடாமல் செய்ய வேண்டுமென்றே தாமதித்தாரா? வேண்டுமென்றேதான் என்று முடிவு கட்டிவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பஸ்ஸோ கை காட்டிய இடத்திலெல்லாம் நின்று ஆள் ஏற்றியது.

பரமக்குடியில் இறங்கி ஓடினோம். சேது நின்றுகொண்டிருந்தது. பெட்டியோடு நான் கிடைத்த வாசலில் ஏறித் திரும்புவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அய்யா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தார். உத்தரவு அவர் பையில் இருந்தது. அது இல்லாமல் போய் என்ன பயன்? இறங்கிவிடலாம் என்று படியில் கால் வைத்தேன்.

"எறங்கிறாத. நீ போ தாயி."

வாசல் பக்கம் வந்துவிட்டார். கம்பியை எட்டிப் பிடிக்க அவருக்கு ஒரே ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் கம்பியைப் பிடிக்காமல் உறையை என் கையில் திணித்தார். பிறகு பிளாட்பாரத்தில் குனிந்து நின்று மூச்சு வாங்கினார்.

மானாமதுரை தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார். உறைக்குள் உத்தரவோடு இரண்டு டிக்கெட்டுகள் இருந்தன. கூட வருகிறவர் எங்கே என்று கேட்டார். என்னை அனுப்பிவிட்டு நின்றுவிட்டார் என்றேன்.

மறுநாள் ஒன்பதரைக்கெல்லாம் வேலையில் சேர்ந்துவிட்டேன். பஸ்ஸில் அவரைப் பற்றி என்ன நினைத்தேன் என்பதைச் சொல்லும் தைரியம் மட்டும், அய்யா இருந்தவரை எனக்கு வரவில்லை.