கட்டுப் போட்ட கால்

"ரிப்போர்ட் நல்லா இருக்காம்," என்றாள் சித்தி, ஸ்கேன் உறையை மடியில் வைத்துக்கொண்டு.

"நல்லதுதானே. அதுக்கு ஏன் இஞ்சி தின்ன மாதிரி முகத்தை வெச்சிருக்கே?"

"அவங்க எடுத்தது வலது முட்டியை."

"கட்டுப் போட்டிருக்கிற கால்தானே அது?"

"கட்டு வலதுல. வலி இடதுல."

நான் அவள் கால்களைப் பார்த்தேன், பிறகு அவளைப் பார்த்தேன். "எந்தக் கால்னு டாக்டர் கேட்கலையா?"

"கிளப்ல இருந்து வந்த சீட்டுலயே வலதுன்னு இருந்துச்சு. பிசியோ கட்டைப் பார்த்து எழுதிட்டார்."

"நீ சொல்லியிருக்கலாமே, சித்தி."

"சொல்லியிருக்கலாம்," என்றாள்.

உறையை எடுத்துக்கொண்டு எழுந்து போய் லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள்.

சித்தி என் அம்மாவின் கடைசித் தங்கை. எனக்கும் அவளுக்கும் எட்டு வயதுதான் வித்தியாசம். வீட்டில் அவளை ஒட்டடைக்குச்சி என்பார்கள். பரணில் இருப்பதை நாற்காலி போடாமல் எடுப்பாள். அந்த உயரத்தை முதலில் உருப்படியாகப் பயன்படுத்தியது கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியைதான். விடுதியில் சேர வரிசையில் நின்றவளிடம், "கூடைப்பந்து ஆடியிருக்கியா?" என்று கேட்டாராம். "பந்தைத் தொட்டதுகூட இல்ல, மேடம்." "அது பந்துக்குத் தெரியாது. சாயங்காலம் வா."

முதல் வருடம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களின் தண்ணீர் பாட்டில்களைக் காவல் காத்தாள். கடைசி வருடம் அவள்தான் கேப்டன். படிப்பு முடிந்ததும் ஒரு தொழில்முறை கிளப் அவளை எடுத்துக்கொண்டது. ஐந்து சீசன் அங்கே ஆடினாள். ஒரு அறையில் நான்கு பேர், ஜன்னல் கம்பி முழுக்க ஈரக் காலுறைகள், பேருந்தில் இருக்கைக்குள் அடங்காமல் நடைவழியில் நீட்டிய கால்கள். அந்த வாழ்க்கையை அவள் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

கட்டு விஷயம் கல்லூரி நாட்களில் ஒட்டிக்கொண்ட பழக்கம். அப்போதைய கேப்டன் சொல்லிக்கொடுத்தது: "வலிக்கிற காலை ஊருக்குக் காட்டாதே. நல்ல கால்ல கட்டு." எதிரணிக்காரிகள் கட்டைக் கண்டதும் அந்தப் பக்கமே வந்து இடிப்பார்கள். நல்ல கால் தாங்கிக்கொள்ளும். மற்றது தப்பிக்கும். அவளுடைய அணியில் பாதிப் பேர் இப்படித்தான் கட்டியிருந்தார்கள்.

நான்காவது சீசனில் இடது முட்டி வீங்கத் தொடங்கியது. வழக்கம்போல வலதில் கட்டினாள். அந்த வருடம் புதிதாக வந்த பிசியோ நல்ல மனிதர், சிரத்தையானவர். வாரம் தவறாமல் வலது முட்டிக்கு ஐஸ் வைத்து, நீவிவிட்டு, 'முன்னேற்றம்' என்று எழுதினார். நன்றாக இருந்த முட்டி நாளுக்கு நாள் நன்றாகவே இருந்தது. முதல் வாரம் அவரிடம் சொல்லக் கூச்சம். அடுத்த வாரம், முதல் வாரமே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்ற கூச்சம். பிறகு கூச்சம் போய் பயம் வந்தது. சொன்னால் உட்காரவைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தால் மாடிப்படியில் பின்பக்கமாக இறங்குவாள். கேட்டால், "இதுவும் ஒரு பயிற்சி," என்பாள்.

ஐந்தாவது சீசனின் அரையிறுதியில் குதித்து இறங்கியவள் கொஞ்ச நேரம் எழவில்லை. டாக்டர் சரி என்று எழுதிக் கொடுத்தால்தான் இறுதிப் போட்டி என்று கோச் சொல்லிவிட்டார். அந்தச் 'சரி' இப்போது அவள் கையில் இருந்தது. போட்டிக்கு மூன்று நாள். ஆடினால் கால் என்னாகும் என்று தெரியாது. சொன்னால் ஆட்டம் முடிந்தது; கூடவே பொய்க்காரி என்ற பெயர்.

லிஃப்ட் வந்தது, கதவு திறந்தது. சித்தி ஏறவில்லை. திரும்பி நடந்து, டாக்டரின் அறைக் கதவைத் தட்டினாள்.

"டாக்டர், தப்பான காலைக் காட்டிட்டேன்."

அவர் முப்பது வருட அனுபவத்தில் இதைக் கேட்டதில்லை போலும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இடது முட்டியை அழுத்திப் பார்த்தார். மறுபடி ஸ்கேன். தசைநார் பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்தால் சரியாகும், ஆனால் போட்டி ஆட்டம் இனி வேண்டாம் என்றார்.

"படி ஏறலாமா?"

"தாராளமா ஏறலாம்."

"இறங்கலாமா? முன்பக்கமா?"

"எல்லாரும் அப்படித்தானேம்மா இறங்குறாங்க."

சித்தி நாற்காலியில் சாய்ந்தாள். ஒரு வருடமாக அவள் எதிலும் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

கோச் தொலைபேசியில் வறுத்தெடுத்தார். "எதிர் டீமை ஏமாத்தத்தானே கட்டு? என்னையுமா?" பத்து நிமிடம் கழித்து, "கூட யார் இருக்காங்க? சாப்பிட்டியா?" என்று கேட்டார். பிசியோ அன்றிலிருந்து எல்லாருடைய கட்டையும் பிரித்து இரண்டு கால்களையும் பார்க்கிறாராம். இறுதிப் போட்டியில் அணி நான்கு புள்ளியில் தோற்றது. "நான் ஆடியிருந்தா பதினாலுல தோத்திருப்போம்," என்றாள் சித்தி, காலைத் தலையணைமேல் நீட்டிக்கொண்டு.

இப்போது அவள் ஒரு உள்விளையாட்டு அரங்கில் யாருக்கு எந்த மைதானம், எத்தனை மணிக்கு என்று ஒதுக்கும் வேலையில் இருக்கிறாள். நன்றாகத் தூங்குகிறாள்.

அறுவை சிகிச்சை நாளன்று, உள்ளே கொண்டுபோகும்முன் என்னை அருகே கூப்பிட்டாள். "கால் சரியானதும் எனக்குப் புத்தி கெட்டுப்போகும். ஒரே ஒரு மேட்ச்னு சொல்லுவேன். அதுக்குள்ள என் ஷூவை எங்கேயாவது ஒளிச்சு வெச்சிடு. நான் கெஞ்சினாலும் எங்கேன்னு சொல்லிடாதே."